திரையில் மெய்ப்பாடு

திரைப்படம் நம் நாட்டுக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதனைக் கண்ணாற் காண்பதாகவே நாம் சொல்லிக்கொள்கின்றோம். உண்மையில் பெரும்பாலும் காதாலேயே கண்டு வந்திருக்கின்றோம். ஒரு படத்தைப் பற்றி நம்மவர் இருவர் உரையாடுவதைக் கவனித்தால் இது விளங்கும். இன்ன இடத்தில் நாயகன் என்ன சொன்னான், எந்தப் பாட்டு இனிமையாக இருந்தது, எந்த வசனத்துக்குக் கைதட்டு எழுந்தது என்பனவே பேச்சாக இருக்கும். அவ்வசனத்தைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒளி எப்பக்கமிருந்து விழுந்தது, கமரா அவனுக்கு எவ்வளவு அருகில் நின்றது, சொல்லி முடித்தபின் அவன் கை என்ன செய்தது என்பவற்றை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலர்.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிடுதல் ஆகாது. இன்று யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் சிறிய கமராவும் பெரிய விருப்பமும் கொண்டு குறும்படங்களும் முழுநீளப் படங்களும் ஆக்கி வருகின்றனர். 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா, உலகப் படங்களை இவ்வூரிலிருந்தபடியே காணும் வாய்ப்பை அவர்களுக்கு அளித்தது. இவ்விளைஞரின் படங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கின்றேன். அவற்றில் உழைப்பு உண்டு, உண்மையும் உண்டு. ஆயினும் பெரும்பாலானவற்றில் ஒரு பொதுவழக்கம் காணப்படுகின்றது. துயரம் வந்தவுடன் பாத்திரம் அழுகின்றது. அழுதவுடன் கமரா முகத்தருகே ஓடுகின்றது. உடனே வயலினும் எழுகின்றது. பார்க்கும் நமக்கும் கண் கலங்குகின்றது. ஆனால் அழுதவர் யார், அவர் எத்தகைய குணமுடையவர் என்று கேட்டால், படமாளிகையை விட்டு வெளியே வந்தபின் நம்மிடம் விடை இல்லை. அழுகை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. இக்குறை எங்கிருந்து வந்தது, அது நீங்கும் வழி யாது என்பதே இவ்வாரம் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் சிந்தனை.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்தார். அவ்வியலுக்குப் பேராசிரியர் கண்ட உரையைக் கணேசையரின் குறிப்புகளோடு சுன்னாகத்தில் அச்சேற்றிய நாடு இது. மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்த ஆசிரியர் அதனோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களங்களைக் காட்டினார். அழுகை ஒன்றுதான், ஆனால் அது இகழப்பட்டதனாலும் பிறக்கலாம், இழந்ததனாலும் பிறக்கலாம், முன்னைய நிலையிலிருந்து தளர்ந்ததனாலும் பிறக்கலாம், வறுமையினாலும் பிறக்கலாம். கண்ணீர் நான்கிலும் ஒரே உப்புடையது. எதனால் அழுகின்றாள் என்பது மட்டுமன்று, எவ்வளவு நேரம் அடக்கிப் பார்த்தாள், யார் முன்னிலையில் அடக்கினாள், எப்பொருளைக் கண்டதும் அடக்கம் உடைந்தது என்பனவே ஒருத்தியை மற்றொருத்தியினின்றும் வேறுபடுத்திக் காட்டுவன. ஆகவே திரையில் ஒரு பாத்திரத்தின் குணம் தெரியும் இடம், உணர்ச்சி வெளிப்படும் கணத்தைக் காட்டிலும் அதற்கு முற்பட்ட கணமே ஆகும் என்பது என் கருத்து.

மேடைக்கு இந்த வசதி இல்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகத் தோன்றிய இரவுகளைப் பற்றி நம் மூத்தோர் இன்றும் பேசுகின்றனர். கோயில் வீதியில் மணலிற் பாய் விரித்து இருந்தவர்களுள் கடைசி வரிசையில் இருந்த கிழவிக்கும் அரிச்சந்திரனின் துயர் எட்டவேண்டும். அத்தூரத்தில் கண்ணிமையின் அசைவு தெரியாது. உதட்டின் நடுக்கம் தெரியாது. எனவே துயரம் குரலாகவும் இசையாகவும் பெருகிச் சென்றது. அக்கலைக்கு அதுவே முறை. அதிலே அவர் ஈடில்லாதவர். மேடை தூரத்தை வெல்வதற்காகக் கண்ட முறையை, தூரமே இல்லாத கமராவின் முன்னும் அவ்வாறே கையாளும்போதுதான் இடர் பிறக்கின்றது.

தமிழ்த் திரைப்படம் நாடகக் கொட்டகையிலிருந்து நேரே வந்தது. ஆதலால் நீண்டகாலம் அதன் பாத்திரங்கள் கடைசி வரிசைக் கிழவிக்கே பேசிக்கொண்டிருந்தன. 1952 இல் வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியும், 1959 இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் வெள்ளைத்துரையோடு நிகழும் வாக்குவாதமும் நம் ஊர்க் கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கிகளில் முழங்கின. படத்தைப் பாராதவரும் வசனத்தை மனனம் செய்தனர். வின்சர், றீகல், வெலிங்டன், மனோகரா, ராணி என்னும் படமாளிகைகள் நம் காதுகளுக்குப் பள்ளிக்கூடங்களாயின. தமிழின் ஓசையழகை அவை நமக்குக் கற்பித்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் கண்ணுக்கான பாடம் அங்கு மிகக் குறைவாகவே நடந்தது.

இதனை நடிகரின் குறையெனக் கொள்வது தவறு. கட்டபொம்மனாக முழங்கிய அதே சிவாஜி கணேசன், 1985 இல் பாரதிராஜாவின் 'முதல் மரியாதை'யில் மலைச்சாமி என்னும் ஊர்ப் பெரியவராக வருகின்றார். இளவட்டக்கல்லைத் தூக்குவது பற்றிய விளையாட்டுப் பேச்சு அவர் மனத்தில் தைத்துவிடுகின்றது. யாரும் பார்க்கவில்லை என்று எண்ணியிருக்கும் வேளையில், தனியே நின்று அக்கல்லைத் தூக்கிப் பார்க்கின்றார். அங்கே வீரவசனம் ஏதுமில்லை. மூச்சிரைப்பும், முதுமையின் அச்சமும், சிறுபிள்ளை போன்ற களிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அம்முகத்திற் படர்கின்றன. ஊரார் முன்னிலையில் மதிப்போடு நடக்கும் மனிதரின் உள்ளே இன்னும் முதிராத ஒருவன் இருக்கின்றான் என்பதை அக்காட்சி நமக்கு அறிவிக்கின்றது. நடிகர் ஒருவரே. மாறியது கமராவுக்கும் அவருக்கும் இடையிலிருந்த உறவு. தனியே இருக்கும் மனிதனைக் காணும் உரிமை மேடைக்குக் கிடையாது. அங்கே தனிமொழி பேசுபவனும் சபைக்கே பேசுகின்றான். கமராவுக்கு அவ்வுரிமை உண்டு.

இவ்வுரிமையோடு இன்னோர் ஆற்றலும் கமராவுக்கு உண்டு. ரஷ்யப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில் குலெஷோவ் என்னும் நெறியாளர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகனின் முகத்தை, ஒருமுறை உணவுத் தட்டோடும், ஒருமுறை பிணப்பெட்டியோடும், இன்னொரு முறை வேறொரு காட்சியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். முகம் மாறவில்லை, ஆயினும் பார்த்தவர்கள் அம்முகத்திலே பசியையும் துக்கத்தையும் வெவ்வேறாகக் கண்டனர் என்பர். பார்ப்பவனின் மனம் வெற்றிடத்தை நிரப்பிக்கொள்கின்றது என்பதே அச்சோதனையின் பாடம். நடிகன் எல்லாவற்றையும் தானே செய்து முடித்துவிட்டால் நமக்கு வேலையில்லை. வேலையில்லாத மனம் வேறெங்கோ போய்விடும்.

1955 இல் சத்தியஜித் ராய் ஆக்கிய 'பதேர் பாஞ்சாலி'யில் இப்பாடத்தின் நிறைவைக் காணலாம். தந்தை ஹரிஹரன் நெடுநாள் கழித்து வீடு திரும்புகின்றான். தான் இல்லாத காலத்தில் மகள் துர்க்கை இறந்துபோனதை அவன் அறியான். புயலிற் சிதைந்த வீட்டின் முற்றத்தில் இருந்து, வாங்கி வந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகின்றான். மனைவி சர்வஜயா வாய் திறக்கவில்லை. கமரா அவசரப்படவும் இல்லை. கடைசியாகத் துர்க்கைக்கென்று வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகின்றான். அப்போதுதான் அவள் அடக்கம் உடைகின்றது. உடைந்தும் அவள் ஓலம் நமக்குக் கேட்பதில்லை. அக்குரலின் இடத்தில் தார் ஷெனாய் என்னும் வாத்தியத்தின் ஒலி எழுகின்றது. கருணா பானர்ஜியின் நடிப்பும் சுப்ரத மித்ராவின் கமராவும் அவ்விடத்தில் ஒரே செயலாகிவிடுகின்றன. அவள் முன்கோபக்காரி, வறுமையாற் கடுகடுத்தவள், மகளை அடித்தவள் என்று படம் முழுவதும் கண்டிருந்தோம். இறுதிவரை அவளிடமிருந்து ஒரு சொல்லும் வராததனாலேயே அக்கடுமைக்குள் இருந்த தாய்மையின் ஆழம் நமக்குத் தெரியவருகின்றது.

நம் நாட்டிலே பிறந்த ஒருவர் இப்பாடத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திராவே அவர். 1988 இல் வெளிவந்த அவரது 'வீடு' என்னும் படத்தில், சங்கீத ஆசிரியராக இருந்து ஓய்ந்த முதியவர் ஒருவர், பேத்தி அரும்பாடுபட்டுக் கட்டும் வீட்டைப் பார்க்கத் தனியே புறப்பட்டுச் செல்கின்றார். கூரை முற்றாத அறைகளுள் நடக்கின்றார். சுவர்களைத் தொட்டுப் பார்க்கின்றார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அவர் திரும்பி வந்து வாழப்போவதில்லை. அதை நாம் சற்றுப் பின்னரே அறிகின்றோம். அப்பாத்திரமாக நடித்த சொக்கலிங்க பாகவதர் மேடையிற் பாடி நடித்துப் பழகியவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. பாடத் தெரிந்தவரைப் பேசவும் விடாமல், சுவரைத் தடவும் கையை மட்டும் காட்டினார் பாலு மகேந்திரா. வாழ்நாள் முழுவதும் சொந்த வீடில்லாத ஒருவரின் வரலாறு அக்கையிலே தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் வீடு என்பது என்ன பொருள் தரும் என்பதை, அதனை இழந்தும் மீண்டும் கட்டியும் பார்த்த நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. இழந்த வீட்டின் சுவரைத் தடவிய கைகளை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அவற்றைப் படமாக்கியவர் எத்தனை பேர்?

நம் மண்ணிலேயே இவ்வழியில் ஒரு முயற்சி நடந்ததுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு 1977 இல் 'பொன்மணி'யை ஆக்கினார். கமராவை இயக்கியவர் டொனால்ட் கருணாரத்ன. நடித்தவர்களுட் பலர் பல்கலைக்கழகத்தையும் நாடக அரங்கையும் சார்ந்தவர்கள். சீதனத்தாலும் சாதியாலும் கட்டுண்ட ஒரு குடும்பத்தின் கதை அது. நம் வீடுகளின் மெதுவான நடையையே அப்படம் தன் நடையாகக் கொண்டது. சொல்லப்படாதவற்றாலேயே இயங்கும் ஒரு சமூகத்தை, குறைந்த பேச்சோடு காட்ட முயன்றது. படமாளிகைகளில் அது நிலைக்கவில்லை. காதாற் படம் பார்த்துப் பழகிய நமக்கு அதில் கேட்பதற்கு அதிகம் இருக்கவில்லை போலும். நம் முகத்தை நமக்குக் காட்டிய ஒரு கண்ணாடியை, அது பேசவில்லை என்பதற்காக ஒதுக்கி வைத்தோம். அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 'வாடைக்காற்று' வந்தது. பின்னர் போர்க்காலம் வந்தது. கமராக்களும் வேறு பணிக்குப் போயின.

போர் முடிந்த பின்னர், நம்மவரைப் பற்றிய படங்கள் வெளியாரின் கைகளால் ஆக்கப்பட்டன. 2012 இல் அசோக ஹந்தகம யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு 'இனி அவன்' என்னும் படத்தை நெறிப்படுத்தினார். ஊர் திரும்பும் முன்னாள் போராளிக்கு அதில் பெயரில்லை; அவன் வெறும் 'அவன்'. 2022 இல் இளவயதிலேயே மறைந்த தர்ஷன் தர்மராஜ் அப்பாத்திரத்தைத் தாங்கினார். ஒரு காலத்தில் ஊரே அஞ்சிய மனிதன், இன்று ஒரு காவற்காரன் வேலைக்காக நிற்கும் நிலையை, உடலைச் சற்றே சுருக்கிக்கொள்ளும் ஒரு முறையாலேயே அவர் உணர்த்தினார்.

பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஓடியாரின் 'தீபன்' 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. அல்லைப்பிட்டியிற் பிறந்து, இளமையில் இயக்கத்திலிருந்து, பின் எழுத்தாளராகிய ஷோபாசக்தி அதில் நாயகர். அப்படத்தின் தொடக்கத்தில், இறந்தோர்மேல் ஓலைகளை அடுக்கித் தீமூட்டும் அவர், தம் சீருடையையும் அத்தீயில் இடுகின்றார். சிறிது நேரத்தின் பின் திரை இருளாகின்றது. இருளிலே சிறு ஒளிப்புள்ளிகள் மினுங்கிக்கொண்டு மெல்ல நெருங்கி வருகின்றன. அவை என்னவென்று நமக்குப் புரிவதில்லை. அழகாகவே இருக்கின்றன. அருகில் வந்தபின்தான், பாரிஸ் தெருவில் விளையாட்டுப் பொருள் விற்கும் மனிதன் ஒருவன் தலையிற் பூண்ட மினுங்கும் பட்டி அது என்று தெரிகின்றது. அந்த மனிதன் தீபன். தொல்காப்பியர் சொன்ன இளிவும் அசைவும் அங்கே ஒருங்கே தெரிகின்றன. ஆனால் அவன் முகம் அழவில்லை. பொருள் விற்கவேண்டும் என்ற கவலை மட்டுமே அதில் உண்டு. அப்படத்தின் பிற்பகுதியில் வரும் துப்பாக்கிச் சண்டை எனக்கு உவப்பானதன்று. மேனாட்டுப் பார்வையாளரின் விருப்பத்துக்குக் கொடுத்த விலையாகவே அதைக் கருதுகின்றேன். எனினும் அந்த ஒரு காட்சிக்காக எப்போனின் மொமான்சோவின் ஒளிப்பதிவுக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

இத்தனையும் கலை நயம் பற்றிய பேச்சு மட்டுமாயின் இவ்வளவு இடத்தை இப்பத்தி எடுத்துக்கொண்டிராது. இதில் நம் மானமும் அடங்கியிருக்கின்றது. 2009 இற்குப் பின் நம் ஊர்களுக்கு வந்து போன கமராக்கள் எண்ணிறந்தவை. செய்திக்காக வந்தன, ஆவணப்படத்துக்காக வந்தன, உதவி நிறுவனங்களின் அறிக்கைக்காக வந்தன. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் தெருவோரப் பந்தல்களில் இருந்து நீதி கேட்டு வருகின்றனர். கையிற் புகைப்படமும் கண்ணில் நீருமாக அவர்களை உலகம் பார்த்தது. அவர்களுடைய கண்ணீர் உண்மையானது. அதனைப் பதிவு செய்தது தேவையானதும்கூட. ஆனால் கண்ணீரை மட்டுமே எடுத்துக்கொண்டு போனமையால், நூறு தாய்மாரும் உலகின் கண்ணுக்கு ஒரே தாயாகிவிட்டனர்.

வடமராட்சியில் ஒரு வீட்டில் இத்தகைய படப்பிடிப்பு ஒன்று நடந்தபோது நானும் இருந்தேன். தாயார் தம் மகனைப் பற்றிச் சொல்லி அழுதார். ஒளி போதவில்லை என்று படம் எடுத்தவர் மறுமுறை சொல்லுமாறு கேட்டார். தாயார் மறுமுறையும் சொன்னார். இம்முறை கண்ணீர் வரவில்லை. எடுத்தவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. கமராவைப் பைக்குள் வைத்தார். அப்போது அந்த அம்மா சேலைத் தலைப்பால் மகனின் படத்துக் கண்ணாடியைத் துடைத்து, சுவரிலே பழைய இடத்தில் மாட்டி, சற்றுத் தள்ளி நின்று நேராக இருக்கின்றதா என்று பார்த்தார். பிறகு, "தம்பி, வெயிலுக்கை வந்தனீங்கள், தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்" என்றார். அவர் யார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இழப்பைச் சுமந்துகொண்டே விருந்தோம்பலைக் கைவிடாத ஒரு யாழ்ப்பாணத்துத் தாய் அவர். அந்தக் காட்சி படமாகவில்லை.

நம் இளைஞர்க்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. அழுகைக்காகக் காத்திருக்காதீர்கள், அழுகைக்கு முன்னும் பின்னும் காத்திருங்கள். நம் சமூகம் அடக்கிப் பேசும் சமூகம். நம் குணமெல்லாம் படலையிலும் கிணற்றடியிலும் வேலிப் பொட்டிலும் தெரியும். விருந்தினரைக் கண்டு படலையை முழுதாகத் திறப்பவரும் பாதி திறந்து நிற்பவரும் ஒருவரல்லர். சீதனப் பேச்சு நடக்கும்போது சாய்மனைக் கதிரையில் இருக்கும் தகப்பன் எப்பொழுது நிமிர்ந்து இருக்கின்றார், குசினி வாசலில் நிற்கும் மகள் எந்தச் சொல்லுக்கு உள்ளே போகின்றாள், வெளிநாட்டிலிருந்து வந்த தொலைபேசியை வைத்தபின் தாய் எங்கே பார்க்கின்றாள் என்பவற்றைக் கமராவாற் காட்டினால், அரைப் பக்க வசனம் மிச்சமாகும். மேடைப் பயிற்சி உள்ள நடிகரைக் கொண்டு படமெடுப்பவர், கமரா இருக்கும் தூரத்தை அவருக்கு முதலில் உணர்த்தவேண்டும். முகம் முழுத் திரையையும் நிறைக்கும் அண்மைக் காட்சியைச் சிக்கனமாகச் செலவிடவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கொடுத்தால், உண்மையிலே அது வேண்டப்படும் இடத்தில் கையில் ஒன்றும் இருக்காது. பின்னணி இசையை இறுதியாகச் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை இசையில்லாமல் காட்சியைப் பார்த்துவிடுவதும் நன்று.

பார்ப்பவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. மெதுவாக நடக்கும் படத்தை 'ஒன்றுமில்லை' என்று தள்ளுமுன், அதில் என்ன பார்க்க இருந்தது என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். பாடசாலைகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் மெய்ப்பாட்டியலைச் சூத்திரமாக மட்டும் நெட்டுருப் பண்ண வைக்காமல், நல்ல படமொன்றின் ஐந்து நிமிடக் காட்சியைப் போட்டுக் காட்டி, இங்கே எந்த மெய்ப்பாடு, எந்த நிலைக்களம், அதை நடிகர் எவ்வாறு காட்டினார், கமரா எங்கே நின்றது என்று வினவலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அவ்வாறு பயின்ற ஒரு தலைமுறை உருவானால், அவர்களுட் சிலர் படம் எடுப்பார்கள். ஏனையோர் அப்படங்களைப் பொறுமையோடு பார்ப்பார்கள். 'பொன்மணி'க்கு வாய்க்காத பார்வையாளர் அடுத்த பொன்மணிக்காவது வாய்க்கட்டும்.